சாக வேண்டிய மீன்கள்

நஞ்சுண்டசாமியின் வீட்டில் மீன் செத்தால் மகிழ்ச்சி. மைசூர் விஜயநகரில் சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, வாஸ்து பார்த்தவர் சொன்னபடி வடக்குச் சுவரை ஒட்டிக் கண்ணாடித் தொட்டி வைத்தார்கள். எட்டுப் பொன்மீன், ஒரு கருமீன். வீட்டைத் தேடி வருகிற கண்டத்தை மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு சாகும் என்பது ஏற்பாடு. ஆகவே காலையில் ஒன்று மல்லாந்து மிதந்தால் அவர் மனைவி மல்லம்மா கையெடுத்துக் கும்பிடுவாள். மாலைக்குள் அக்ரஹாரம் பகுதிக் கடையிலிருந்து புது மீன் வந்துவிடும். கௌதள்ளி கிராமத்தில் மழையையும் மண்ணையும் நம்பிப் பயிரிட்ட குடும்பம், நகரத்துக்கு வந்து ஒரு விரல் நீள உயிரை நம்பியது.

மீன் ஏன் செத்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கும்: சொர்ணலதா ஏன் செத்தாள்?

சொர்ணலதா மூத்த மருமகள், கணேசனின் மனைவி. எட்டாம் மாதம் சுமந்திருந்த ஒரு காலையில் தலை வெடிக்கிறது என்றாள். முகம் வீங்கியிருந்தது. கண் முன்னே பொறி பறக்கிறது என்றாள். அதே காலையில் கருமீன் மிதந்தது. வீடே பெருமூச்சு விட்டது. மல்லம்மா அவள் நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, "போயிடுச்சு கண்ணு, இனிப் பயமில்ல, படுத்துக்கோ" என்றாள். அவளும் படுத்துக்கொண்டாள். பிற்பகலில் வலிப்பு வந்தது. மருத்துவமனை வாசலைத் தொடுமுன் இரண்டு உயிர்கள் போயிருந்தன.

அப்போதாவது அந்த வீடு விழித்ததா? கண்டம் பெரிது, மீனால் தாங்க முடியவில்லை என்று தீர்ப்புச் சொல்லி, வேறொரு கருமீனை வாங்கி விட்டது. கணேசன் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை.

இறந்தவர் படத்தைத் தெற்குச் சுவரில்தான் மாட்ட வேண்டும் என்று அதே வாஸ்துக்காரர் சொன்னார். மாட்டினார்கள். தொட்டிக்கு நேர் எதிரே. பிற்பகல் வெயில் மேற்கு ஜன்னல் வழியே படத்தில் விழும்போதெல்லாம் சொர்ணலதாவின் முகம் தொட்டியின் கண்ணாடிக்குள் தெளிந்து வரும். மீன்கள் அவள் நெற்றி வழியே நுழைந்து கன்னத்தின் வழியே வெளியேறும். அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள். காற்றுக் குழாய் மட்டும் நீருக்குள் விடாமல் முணுமுணுக்கும். அந்த நேரத்தில் எங்கிருந்தாலும் வந்து ஜன்னல் திரையை இழுத்துவிடுவாள் மல்லம்மா.

இளையவன் கவின்ராஜின் மனைவி மோகனப்ரியா இதைக் கவனித்தாள். அவளும் அப்போது கருவுற்றிருந்தாள். கண்ணாடியில் தெரிவது வெறும் பிம்பம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஆனால் மீன்களைப் பார்ப்பதை அவள் விடவில்லை. கருமீன் ஓயாமல் துரத்தியது. பொன்மீன்களின் வால்கள் கிழிந்த துணிபோல் தொங்கின. இது பலி அல்ல, கொலை என்பது அவளுக்குப் புரிந்தது.

அடுத்த மீன் செத்த அன்று மாமியாரோடு அவளும் கடைக்குப் போனாள்.

"மத்தே ஹோய்தா அம்மா? மறுபடியும் போயிடுச்சா?" என்று வலையை எடுத்தார் கடைக்காரர் பசவராஜ். "உங்க வீட்டுக்குக் கஷ்டமே வராது போங்க!"

"ஏனுங்க," என்றாள் மோகனப்ரியா, "எதுவும் சாகாம எல்லாம் ஒண்ணா இருக்கணும்னா எந்த மீனையெல்லாம் விடணும்?"

வலை நடுவழியில் நின்றது. "வாஸ்து செட்டுக்கு வர்றவங்கள்ல சாகாத மீன் கேட்டது நீங்கதான் மேடம்."

"ஏன், சாகாததுக்கு ரேட் ஜாஸ்திங்களா?"

"ஜாஸ்தி இல்ல. எனக்கு நஷ்ட, அஷ்டே, அவ்வளவுதான்!" அவர் சிரித்தார், அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டார். "நோடி மேடம், இங்க பாருங்க, அந்தக் கருப்பு மீன் தனியாத்தான் இருக்கும், பக்கத்துல எது வந்தாலும் தொரத்தும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணி, பெரிய தொட்டி வேணும். உங்களது ரெண்டடி. அதுல எட்டு விட்டா அதுங்க கழிவே அதுங்களுக்கு விஷம்."

தெரிந்தும் விற்றிருக்கிறார். தெரியாமல் வாங்கியிருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவேதான் மூடநம்பிக்கை கொழுக்கிறது.

மோகனப்ரியா அவரிடம் கேட்டுக் கேட்டு, நின்று நிதானமாகத் தேர்ந்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே சூடு நீர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் வாயில் இன்னொன்று அடங்கக் கூடாது. நீண்ட வால்காரனோடு வால் கடிப்பவனை விடக் கூடாது. மேல்நீரில் ஓட வரிபோட்ட டேனியோக்கள். அவை கூட்டமாக இருந்தால்தான் பிறரைச் சீண்டா. நடுநீரில் பிளாட்டி, ஒரு ஆணுக்கு மூன்று பெண், இல்லையேல் ஆண் ஒருத்தியையே விரட்டி அலைக்கழிக்கும். அடியில் மணலைத் துழாவும் சின்னக் கெளுத்திக் கூட்டம்.

"மொதல்ல கொஞ்சம் விடுங்க, தண்ணி பழகட்டும், அப்புறம் மிச்சம்," என்றார் பசவராஜ். "டேனியோ துள்ளும். மூடியத் தெறந்து வெக்காதீங்க."

கடையை விட்டு இறங்கியதும் மல்லம்மா கேட்டாள்: "எதுவும் சாகலீனா, வர்றது யாரு தலைல உழுகும் கண்ணு?"

"அக்காவுக்கு அன்னிக்கு மீன் செத்துதுங்களே அத்தை?"

அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. ஆட்டோ விஜயநகரை அடையும் வரை மல்லம்மா மீன் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மீனு என்ன அலங்காரத்துக்கா வெச்சிருக்குது?" என்று சீறினார் நஞ்சுண்டசாமி. "பொழைக்கிற மீனு நமக்கு எதுக்கு?"

"பொழைக்கட்டுமேப்பா, உங்க சோத்தையா திங்குது?" என்றான் கவின்ராஜ். பழைய மீன்கள் கடைக்குத் திரும்பின. புதியவை தவணை தவணையாக நீரில் இறங்கின.

பிறகு ஒன்றும் சாகவில்லை. காலைதோறும் எழுந்ததும் மல்லம்மா தொட்டியை எட்டிப் பார்ப்பாள். எல்லாம் நீந்திக்கொண்டிருக்கும். உயிரோடிருக்கும் மீன்களைக் கண்டு ஒருத்தி நடுங்கினாள். ஜன்னல் திரையை இழுப்பதையும் அவள் விட்டுவிட்டாள். பிற்பகல்களில் தொட்டிக்கு நேரே உட்காரத் தொடங்கினாள். அவள் தாழ்ந்த குரலில் கண்ணாடியோடு பேசுவதை ஒருமுறை மோகனப்ரியா கேட்டாள்.

"நான்தான் சொன்னேன் சொர்ணம். படுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன்."

மீன்கள் அந்த முகத்துக்குள் புகுந்து வெளியே வந்தன. முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.

மோகனப்ரியாவுக்கும் எட்டாம் மாதம் பிறந்தது. கவின்ராஜ் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு காலை. தொழிற்சாலைக்குள் போன் எடுத்துப்போக அனுமதியில்லை. மல்லம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தபோது தொட்டிக் கண்ணாடியில் முகம் தெரிந்தது. வெயில் இன்னும் வராத வேளை அது. முகம் சிரிக்கவுமில்லை. வீங்கியிருந்தது.

விளக்குமாறு கைநழுவி விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். சொர்ணலதாவின் படத்துக்குக் கீழே, சுவரைப் பிடித்துக்கொண்டு மோகனப்ரியா நின்றாள்.

"தலை ரொம்ப வலிக்குதுங்க அத்தை. கண்ணு முன்னால என்னமோ மின்னுது."

நஞ்சுண்டசாமி செய்தித்தாளைத் தாழ்த்தினார். மருமகளைப் பார்க்கவில்லை. "மீனு எப்படி இருக்குது, பாரு," என்றார்.

பெண் வாய்விட்டுச் சொல்கிறாள்; அவளைக் கேட்காமல் மீனைக் கேட்கச் சொல்கிறார்!

மல்லம்மா தொட்டியருகே போனாள். முந்தின நாள் தீனி போட்டபின் மூடி சரியாகச் சாத்தப்படவில்லை. தொட்டித் தாங்கியின் ஓரத்தில், தரையில், ஒரு டேனியோ காய்ந்து கிடந்தது. வரிகள் மட்டும் மங்கவில்லை.

"செத்திருக்குதா?" அவர் குரலில் ஆசை இருந்தது.

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். செய்தித்தாள் மீண்டும் உயரும். சுக்கு உரைக்கலாம். படுத்துக்கோ என்று சொல்லலாம். இத்தனை காலம் அவள் நம்பிக் காத்திருந்த நிம்மதி அவள் காலடியில்தான் கிடந்தது.

மல்லம்மா குனிந்தாள். மீனை எடுத்துக் கைக்குள் மூடினாள்.

"இல்லீங்க. ஒண்ணும் சாகல."

"நல்லாப் பாத்தியா?"

"எல்லாம் உசுரோட ஓடுது. கண்டம் இன்னும் ஊட்டுக்குள்ளதான் நிக்குது! எந்திரிச்சுப் போய் ஆட்டோவக் கூட்டியாங்க!"

அந்தச் சொல்லுக்கு அவர் பயந்தார். தம் வாழ்நாளில் எந்த மருத்துவர் சொல்லுக்கும் பயப்படாதவர், செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

இரத்த அழுத்தம் எல்லை கடந்துவிட்டது, இனிப் பொறுக்க முடியாது என்று மருத்துவர்கள் உடனே அறுவை செய்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் தாங்கக்கூடிய அளவு. வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மாலையில் மோகனப்ரியா கண் திறந்தாள். மூச்சிரைக்க ஓடிவந்த கவின்ராஜ் அவள் கட்டிலருகே உட்கார்ந்தான். மல்லம்மா நடைக்கூடத்துக்கு வந்தாள்.

நஞ்சுண்டசாமி பெஞ்சில் இருந்தார். "மீனு ஒண்ணுகூடச் சாகாம ரெண்டு உசுரும் தப்பிச்சுதே, அதிசயந்தான்!"

மல்லம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சருகாகிப்போன டேனியோவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலைலயே செத்துதுங்க."

அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சொர்ணத்துக்கும் செத்துதுங்களே," என்றாள் அவள்.

அவர் கையை மூடவில்லை. அதை எங்கே வைப்பது என்றும் அவருக்குத் தெரியவில்லை. செவிலிகளும் நோயாளிகளின் உறவினரும் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கை விரித்தபடியே அவர் உட்கார்ந்திருந்தார்.