முதல் விதை

மழை நன்றாகவே பெய்தது. அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் சோளம் முளைத்துக் கணுக்கால் உயரம் வந்துவிட்டது. எங்கள் வளவில் மட்டும் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

எங்கள் லுவோ இன வழக்கத்தில் வீட்டின் மூத்த மருமகள்தான் முதல் விதையை ஊன்ற வேண்டும். அதன் பிறகே இளையவர்கள் விதைக்கலாம். மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த முறை அக்கேயோ அக்காவுக்கு வந்திருந்தது. ஆனால் அவள் விதவை. அவள் புருஷன், மூத்தவர் ஒக்கேலோ, லாரி மோதிச் செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புருஷனின் தம்பிகளில் ஒருவனை ஏற்றுக்கொண்டால்தான் அவள் மண்ணில் விதை போடலாம் என்பது முறை.

ஏற்க வந்தவன் ஒடோங்கோ, இரண்டாவது தம்பி. கடைசித் தம்பி ஒபூயாவின் மனைவி நான்.

ஒடோங்கோவுக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருந்தாள். அவன் கண் அக்காவின் நிலத்தின் மேல். ஒருநாள் சாயங்காலம் நேராக அக்காவின் வீட்டுக்குள் போய், அவளை ஏற்றதற்கு அடையாளமாகத் தன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். மாட்டிய கையோடு கோட்டு வாசல் சேற்றில் வந்து விழுந்தது.

"மதினி, கொழுப்பா? பெத்தது ரெண்டும் பொட்டை. நாளைக்கு உனக்கு யாரு இருக்கா?"

"அவளுகளே இருக்காளுக. நீ கோட்டை எடுத்துக்கிட்டு கிளம்பு."

அன்றிலிருந்து ஊரே அவளுக்குப் பகையானது. தண்ணீர்த் துறையில் அவள் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். "இவளால மூணு குடும்பம் பட்டினி கிடக்கப் போகுது" என்று காது கேட்கவே பேசினார்கள். என் புருஷன் என்னை விரட்டினான்: "போய் அவளுக்குப் புத்தி சொல்லு. மழை ஓயப் போகுது."

போனேன். அக்கா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு விதைக்கணும்னா விதையேன். யாரு தடுத்தா?"

"முறை மீறினா புள்ளைங்க செத்துப்போகும்னு சொல்றாங்கக்கா."

"என் புருஷனை லாரி அடிச்சுதே, அவரு எந்த முறையை மீறினாரு?"



மறுநாள் காலை ஊர் பார்க்க அவள் மண்வெட்டியோடு கொல்லையில் இறங்கினாள். குழி வெட்டுவதும் விதை போடுவதும் காலால் மண் தள்ளுவதுமாக இரண்டு வரிசையை முடித்துவிட்டாள். அதற்குள் ஒடோங்கோ ஓடி வந்தான். மண்வெட்டியைப் பிடுங்கிக் காம்பை முறித்தான். விதைக் கூடையை உதைத்தான்.

"எங்க மாட்டைப் பரிசமாக் குடுத்துக் கொண்டுவந்தவ நீ! உனக்கு ஏது நிலம்?"

"மாடு குடுத்தது உங்கண்ணன். அதை மேய்ச்சதுகூட நீ இல்ல. ஊருக்கே தெரியும்."

அவன் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் விழவில்லை. முறிந்த காம்பை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இன்னொரு தடவை கை வச்சுப் பாரு."

வேலியோரம் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. வீட்டுக்குப் போய் என் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் கொல்லையில் இறங்கினேன்.

"ஏய், ஒபூயா பொண்டாட்டி! அவ போட்ட விதை செல்லாது!" என்று ஒடோங்கோ கத்தினான்.

"விதை மண்ணுக்குள்ள போயாச்சு. வேணும்னா தோண்டி எடு. இப்ப என் முறை."

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் பெண்டாட்டியும் யார் முகத்தையும் பாராமல் மண்வெட்டியோடு தன் கொல்லையில் இறங்கிவிட்டாள். அவளுக்கும் நான்கு பிள்ளைகள்.

அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் அடி வாங்கினோம். விதைத்ததை யாரும் தோண்டவில்லை.

சோளம் முழங்கால் உயரம் வந்தபோது ஒடோங்கோ தன் மாடுகளை அக்காவின் கொல்லைக்குள் விட்டான். ஒரு தட்டைகூட மிஞ்சவில்லை. ஊர் அதிகாரி, "இது குடும்ப விஷயம், நீங்களே பேசித் தீர்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். அக்கா நகரத்து நீதிமன்றத்துக்குப் போனாள். புருஷன் நிலத்தில் விதவைக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்வதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாள். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்த வருடம் அவளும் அவள் மகள்களும் என் வீட்டுச் சோளத்தில்தான் உகாலிக் களி கிண்டினார்கள். என் புருஷன் முணுமுணுத்தான். நான் காதில் வாங்கவில்லை.

கடைசியில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அளவுக்காரர்கள் வந்து கல் நட்டார்கள். ஒடோங்கோ அதைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, தன் நிலத்தின் வழியாக ஓடைக்குப் போகும் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தான்.

"சட்டத்தைக் கூட்டிட்டு வந்தாள்ல? தண்ணியையும் அதுவே சுமந்துட்டு வரட்டும்."

அக்கா இப்போது மேட்டைச் சுற்றித்தான் தண்ணீருக்குப் போகிறாள். பாதை அடைத்ததற்கும் வழக்குப் போட்டிருக்கிறாள்.