டர்போ ஆறும் வரை

மூன்றாவது முறையும் கிளட்ச்சை விட்ட மாத்திரத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"செத்துச் செத்துப் போறது" என்ற ஷ்ரவண், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டிப் பழகியவன். பக்கத்து இருக்கையில் அவன் அப்பா, அதாவது வந்தனாவின் சித்தப்பா, ஈர வேட்டியோடு முன்கண்ணாடியையே பார்த்தபடி இருந்தார். பின்னால் சடங்கு செய்துவைக்கும் வாத்தியார். கேட்டுக்கு வெளியே, வந்தனாவின் அப்பா உடலையும் அவள் அண்ணா வெங்கியையும் ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸ் டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டான். ஆப் டாக்சிக்காரர்களுக்கு அன்று ஸ்ட்ரைக். குடியிருப்பில் இருந்த மற்ற கார்களெல்லாம் ஆபீசுக்குப் போயிருந்தன.

வந்தனா படிக்கட்டில் பெண்களோடு நின்றிருந்தாள். ஆறு வருடம் முன்பு அம்மாவை எடுத்துப் போனபோதும் இதே படியில்தான் நின்றாள். வண்டி முனை திரும்பியதும் யாரோ அவளை உள்ளே கூட்டிப்போய் வீடு கழுவச் சொன்னார்கள். இந்தத் தடவை அப்படி இருக்கக் கூடாது என்று, காலையில் சித்தப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். "நம்மாத்துல பொம்மனாட்டிகள் மயானத்துக்கு வர வழக்கமில்லைம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

அவள் இறங்கிப் போய் ஷ்ரவண் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"நகரு. கிளட்ச் முக்கால்வாசி மேல வந்தாத்தான் பிடிக்கும்."

ஷ்ரவண் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாசல் வரைக்கும்" என்றார் சித்தப்பா. "உள்ள வரப்படாது."

வண்டிக்குப் பதின்மூன்று வயது. அணுசக்தி நகரில் முப்பத்து நாலு வருடம் ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வந்த அவள் அப்பா வேங்கடசுப்ரமணியன், ரிடையர் ஆன பணத்தில் வாங்கிய டீசல் எஸ்யூவி. போன மாதம் தாராவி ஒர்க்‌ஷாப்பில் கரீம் பாட்சா சொன்ன பட்டியலில் ரேடியேட்டர், கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன், டர்போ என்று எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லட்சம் வந்தது. விற்றால் அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம். புனேயிலிருந்து வெங்கி, பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றான். அப்பா, "கிளட்ச் மட்டும் அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். எட்டு மாதமாக வாரம் மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன வண்டி. ஓட்டியது வந்தனா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வருவார்.

வாஷி பாலம் தாண்டும்வரை முள் பாதியில் இருந்தது. மான்கூர்ட் சிக்னலில் வரிசையாக நின்ற டிரக்குகளுக்கிடையில் அது மெல்ல ஏறியது. அப்பா அம்மாவுக்குச் செய்த இடத்திலேயே தனக்கும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்ததால் சயான் வரை போயாக வேண்டும். முன்னால் ஆம்புலன்ஸின் பின்கதவுக் கண்ணாடியில் மாலையின் ஒரு நுனி தெரிந்தது.

ஸ்பீக்கரில் கரீம் பாட்சாவைக் கூப்பிட்டாள்.

"முள்ளு எவ்வளவுல நிக்கி மேடம்?"

"முக்காலுக்கு மேல. இன்னும் சிவப்புக்குப் போகலை."

"ஏசிய அமத்திட்டு ஹீட்டர ஃபுல்லா வைங்க. இன்ஜின் சூட்ட உள்ள இழுத்துக்கிடும். சிவப்பத் தொட்டுச்சுன்னா மட்டும் ஓரங்கட்டிருங்க. சார் கூட இல்லையா? அவுகளுக்குத் தெரியும்லா இது."

"அப்பா முன்னாடி வண்டில போறார்."

"அப்பச் சரி. போய்ச் சேந்ததும் ஒடனே ஆஃப் பண்ணிராதீங்க. ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடணும். இந்தச் சூட்டுல அமத்துனா டர்போ போயிரும், அம்பதாயிரம். சார்ட்ட நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

மே மாத வெயிலில் ஹீட்டர் காற்று முகத்தில் அடித்தது. தலைக்குக் குளித்த ஈரம் சில நிமிடங்களில் போய், வியர்வை இறங்கத் தொடங்கியது. செம்பூரில் வாத்தியார் மேல்வேஷ்டியால் விசிறிக்கொண்டே, "வஸ்திரம் காஞ்சுடுத்து. அங்க போய் மறுபடி நனைச்சுக்கணும்" என்றார். ஷ்ரவணுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. சித்தப்பா மட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா உட்காரும் இடம் அது என்பதாலோ என்னவோ, அங்கே உட்கார்ந்தவருக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"இறங்கறதும்மா" என்றார் சித்தப்பா. "கொஞ்சமா."

சயான் மயான வாசலில் வேப்பமர நிழலில் ஒரு இடம் கிடைத்தது. ஷ்ரவணும் வாத்தியாரும் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்கு ஓடினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வந்தனா ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா இப்படித்தான் இறங்காமல் உட்கார்ந்திருப்பார், எத்தனை முடியாவிட்டாலும். அவசரப்படுத்தினால், "டர்போ ஆறட்டும்டி" என்பார்.

உள்ளேயிருந்து வெங்கி வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"சித்தப்பா, வாங்கோ. மயானத்து ஆள் உடனே உள்ள விடச் சொல்றான். பின்னாடி மூணு பாடி வெயிட்டிங்."

சித்தப்பா கதவின் கைப்பிடியில் கை வைத்தார். திறக்கவில்லை.

"இதை எப்ப அணைக்கணும்?" என்று வந்தனாவிடம் கேட்டார்.

"ரெண்டு நிமிஷம் ஆகணும்."

"நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா."

அவள் புரியாமல் பார்த்தாள். "நீங்க பாக்க வேண்டாமா?"

"அறுபத்தெட்டு வருஷம் பாத்தாச்சு." அவர் திரும்பவில்லை. "வெங்கி, அவளை அழைச்சுண்டு போ. வாத்தியார் ஏதாவது சொன்னா, என்னை வந்து கேக்கச் சொல்லு."

வந்தனா செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினாள். வாசலிலிருந்து கூடம் வரை சிமெண்ட் தரை சுட்டது. மின்தகன உலைக்குப் போகும் தண்டவாளத்தில் தள்ளுவண்டி காத்திருந்தது. அப்பாவின் காதோரம் துளசி ஒட்டியிருந்தது. எடுக்கலாமா என்று நினைப்பதற்குள் வெங்கி அவள் கையைப் பிடித்து அப்பாவின் மார்பில் வைத்தான். வாத்தியார் நகர்ந்து இடம் விட்டார். வண்டி உருண்டது. கதவு மேலிருந்து இறங்கியது. அந்தக் கதவுக்கு இவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

திரும்பி வர இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். வேப்பமரத்தடியில் இன்ஜின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் ஏற்றியபடியே இருந்தன. சித்தப்பா அதே இடத்தில், கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தார். பூணூல் மார்பில் ஒட்டியிருந்தது. காய்ந்த வேட்டி மறுபடி முழுக்க நனைந்திருந்தது. ஹீட்டர் அதே வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

வந்தனா தன் பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"ரெண்டு நிமிஷம் எப்பவோ ஆயிடுத்தே சித்தப்பா."

"சாவியை எந்தப் பக்கம் திருப்பணும்னு கேட்டுக்கலை" என்றார் அவர். "அண்ணா இருந்தவரைக்கும் அதெல்லாம் நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

முள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அவள் ஹீட்டரை நிறுத்தினாள். பிறகு சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு முறை சிலிர்த்து அடங்கியது. பானெட்டுக்குள் விசிறி மட்டும் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை இருவரும் இறங்கவில்லை.