வெள்ளி டிரைவர்

இந்த வருஷம் ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரைக்கும் நான் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று என் மனைவி பரிமளா சொல்கிறாள். உண்மைதான். என் மகன் தீனா ஐரோப்பாவில் கார் பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயம் என்றால் எனக்கு எரிச்சல் வரும்.

ஆரணியில் பழைய பட்டுப் புடவைகளின் ஜரிகையைப் பார்த்துத் தரம் சொல்லி வாங்குகிற கடை என்னுடையது. ஜெகநாதன் என்றால் கடைத்தெருவில் தெரியும். ஜரிகையைச் சுரண்டிக் கல்லில் தேய்த்து, ஒரு சொட்டு ஆசிட் விட்டால் போதும்; உள்ளே இருப்பது செம்பா வெள்ளியா, மேலே தங்கம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இப்போது மெஷின் வந்துவிட்டது. மெஷின் சொன்னதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் மட்டத்தை உசத்தி என்றோ, உசத்தியை மட்டம் என்றோ நான் சொன்னது கிடையாது. மச்சினன் வாங்கிய முகூர்த்தப் புடவை செம்பு ஜரிகை என்று கல்யாணப் பந்தலிலேயே சொல்லிவிட்டேன். நாலு வருஷம் அவன் என் வாசல் மிதிக்கவில்லை.

தீனா சென்னைக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனான். படித்ததைவிடக் கம்ப்யூட்டரில் கார் ஓட்டியது அதிகம். அந்தப் போட்டி ஒன்றில் ஜெயித்தான். பரிசாக நிஜக் காரில் உட்காரவைத்தார்கள். அப்படியே ஏறி ஏறி இந்த வருஷம் ஒரு போர்ச்சுகல் டீமுக்குப் போய்விட்டான். அவன் ஓட்டுவது புரோட்டோடைப் என்கிற ரகம். பந்தயத்துக்கென்றே செய்தது, ஷோரூமில் கிடைக்காது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும், முதுகில் பெரிய இறக்கை. மொத்தம் ஆறு பந்தயம், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். ஒரே காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டவேண்டும்.

முதல் பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் பார்த்தேன். தீனா மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தான். நன்றாகத்தான் ஓட்டினான். திடீரென்று உள்ளே கூப்பிட்டு அவனை இறக்கி, ஒரு நரைத்த ஆளை ஏற்றினார்கள். நெய்துகொண்டிருக்கிறவனைப் பாதிப் புடவையில் எழுப்பிவிட்டு வேறொருவனை உட்காரவைத்தால் எங்கள் ஊரில் அது பெரிய அவமானம். போன் போட்டுக் கேட்டேன்.

"அது ரூல் நைனா. மூணு பேரும் ஓட்டியே ஆவணும்" என்றான்.

சரி, ரூல். அடுத்த பந்தயத்தில் அவர்கள் கார் எட்டாவதாக வந்தது. இரண்டாவது பரிசு கொடுத்தார்கள். ஒரே ரோட்டில் மூன்று வகைக் கார் ஓடுகிறதாம், வகைக்கு வகை பரிசாம். நான் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு நோட்டுப் போட்டேன். தீனா ஒரு சுற்று வர எடுத்த நேரம், அதே சுற்றில் மற்றவர்கள் எடுத்த நேரம், டயர் புதுசா பழசா, எல்லாவற்றையும் டிவியைப் பார்த்து எழுதினேன்.

அப்படி எழுதும்போதுதான் அந்தப் பட்டியல் கண்ணில் பட்டது. ஒவ்வொரு டிரைவர் பெயருக்கும் எதிரில் ஒரு தரம் போட்டிருந்தார்கள். நரைத்த ஆளுக்குத் தங்கம். இன்னொருவனுக்கும் தங்கம். என் மகனுக்கு வெள்ளி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோட்டு என் கையில் இருக்கிறது. தங்கம் இரண்டையும்விட இவன் வேகம். எந்த மடையன் உரைத்துப் பார்த்தான்?

"இன்னாடா உன்ன வெள்ளின்னு போட்டுகிறாங்க?" என்று கேட்டேன்.

"அது ஒரு கமிட்டி போடற ரேட்டிங் நைனா. அப்டியே இருந்தா நல்லதுதான். நீ அத கண்டுக்காத." பின்னால் யாரோ கூப்பிட, வைத்துவிட்டான்.

பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். போன இடத்தில் பிள்ளை வாய் திறக்கமாட்டான். அவன் அம்மா வளர்ப்பு.

நாலாவது பந்தயம் பெல்ஜியத்தில், நல்ல மழை. மற்றவர்கள் எல்லோரும் டயர் மாற்ற ஓட, இவன் தேய்ந்த டயரோடு பதினெட்டுச் சுற்று போனான். ஒரு சுற்றில்கூடப் பிசகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்குப் போனில் அதைச் சொல்லவில்லை. "அந்தக் கடைசி வளைவுல ஏன்டா அப்டி அகலமா போன?" என்றுதான் கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் மனு டைப் அடிக்கிற ரஞ்சித்குமாரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். பட்டா மாற்றுகிற மனுவாக இருந்தாலும், முதியோர் பென்ஷனாக இருந்தாலும், அவன் கை பட்டால் திரும்பி வராது என்று பெயர்.

"யாருக்குங்க மனு?"

"ஐரோப்பாவுல ஒரு கமிட்டி. பொருளோட தரத்த தப்பா போட்டுட்டாங்க. நிவர்த்தி பண்ணணும்."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஐயா, அம்மா, கீழ்க்கண்ட ஆதாரங்களின்படி என்று இங்கிலீஷில் அடித்தான். நோட்டின் முப்பத்தோரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து இமெயிலில் அனுப்பினோம். தீனாவிடம் மூச்சு விடவில்லை.

அக்டோபரில் கடைசிப் பந்தயம் முடிந்தது. தீனாவின் டீம் வருஷத்தில் இரண்டாவது. நவம்பரில் அடுத்த வருஷத்துப் பட்டியல் வந்தது. தேடிப் பார்த்தேன். என் மகன் பெயருக்கு எதிரில் தங்கம்.

மைசூர்பாகு நாலு கிலோ வாங்கித் தெருவுக்கே கொடுத்தேன். மச்சினன் வீட்டுக்குக்கூட அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து தீனாவின் போன் வந்தது.

"நைனா, நீ அந்த கமிட்டிக்கு லெட்டர் போட்டியா?"

"ஆமாண்டா" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவன் பொறுமையாகச் சொன்னான். நான் நாலு தடவை திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு காரிலும் ஒரு வெள்ளி டிரைவர் இருந்தே ஆகவேண்டும் என்பது ரூல். தங்கத்துக்கு ஐரோப்பாவில் ஆள் நிறைய. வெள்ளிப் பட்டியலில் இருந்துகொண்டு தங்கம் மாதிரி ஓட்டுகிறவனைத்தான் எல்லா டீமும் தேடும். அதனால்தான் இவனுக்கு சீட்டு. இப்போது தங்கமாகிவிட்டான், சீட்டு இல்லை.

"நல்லா ஓட்டினா வேலை போவுமா?" என்றேன். "இது இன்னாடா நியாயம்?"

"நியாயம்லாம் தெரியல நைனா. அப்டிதான்."

"என் லெட்டராலயா போச்சு?"

"தெரியல. அவங்களே பாத்துகூட மாத்தியிருக்கலாம். டீம்ல அப்பீல் பண்ணாங்க, இவன் வெள்ளிதான்னு. கமிட்டி உன் நோட்ட அனுப்பி, இவங்க அப்பாவே இல்லன்றாரேன்னு எழுதிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "ரேசு ஒண்ணு விடாம பாத்தியா நைனா நீ? அந்த மழை ரேசுல பதினெட்டு லாப்புக்கும் பக்கத்துல 'அருமை'ன்னு தமிழ்ல எழுதிகிற. எங்க மேனேஜர் அது இன்னா வார்த்தைன்னு என்ன கேட்டாரு."

பரிமளா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, இனி என்ன வழி என்று கேட்டாள். அப்பீல் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறதாம். எழுதியவரே தப்பு என்று எழுதிக் கொடுத்தால் ஒருவேளை கேட்பார்களாம்.

"எழுதுங்க" என்றாள் என்னிடம். "உங்க வீம்பு பெருசா, புள்ள பொழப்பு பெருசா?"

ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதினேன். என் மகன் வெள்ளி டிரைவர்தான்; அப்பன் என்கிற பாசத்தில் நேரங்களைக் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டேன்; மன்னிக்கவேண்டும். மூன்று வரி. கை கூசியது. காலையில் ரஞ்சித்குமாரிடம் போவதற்கு முன்னால் தீனாவுக்குப் படித்துக் காட்டினேன்.



"கூட்டி கொறச்சியா நைனா?"

"இல்லடா. டிவில வந்தத அப்டியே எழுதினது."

"அப்ப இத அனுப்பாத."

"சீட்டு போயிடும்டா."

"போவட்டும். நான் இன்னான்னு இந்த ஏழு மாசத்துல ஒருத்தரும் ஒழுங்கா சொல்லல. நீ சொன்ன. அத நீயே இல்லன்னு எழுதாத."

மகனின் வேலைக்கு உலை வைத்தவன் நான். அவன் ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்; இவன் என்னவோ நான் பெரிய உபகாரம் செய்தவன்போலப் பேசுகிறான். சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று விளங்கவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரியவில்லை என்றான்.

இனி ரஞ்சித்குமாரிடம் போகவேண்டியதில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போனைப் பரிமளாவிடம் கொடுத்துவிட்டேன்.