போலந்துக்காரன் பிடித்து வைத்த பெயர்

காஷிஃபுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேனாம்பேட்டை சிக்னலுக்குப் பின்னால் இருக்கும் அவனுடைய பெயர்ப்பலகைக் கடைக்கு, புதுக்கடை போடுகிறேன் என்று யார் வந்தாலும் சரி, பலகைக்கு அளவெடுப்பதற்கு முன்னால் அந்தப் பெயரில் இணைய முகவரி காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவான். இருந்தால் தன் பெயரில் வாங்கிப் போட்டுவிடுவான். முதல் வருஷத்துக்கு ஒரு பிரியாணி விலைதான். என்றைக்காவது அந்தக் கடைக்காரருக்கு டாட் காம் ஆசை வந்தால், இவனிடம்தான் வந்து வாங்கியாக வேண்டும்.

இதைத் திருட்டு என்று அவன் நினைக்கவில்லை. காலி மனையை வாங்கிப் போடுகிறவனை யாரும் திருடன் என்று சொல்வதில்லையே என்பான். மனை எங்கே இருக்கிறது என்று சொன்னவர்கள் அவனை நம்பிப் பலகை செய்ய வந்தவர்கள் என்பதை மட்டும் அந்த வாதத்தில் சேர்க்க மாட்டான். அது போக, மயிலைக் காப்பி, நந்தனம் டியூஷன், அடையாறு வாடகை என்று தோன்றியதையெல்லாம் வாங்கிக் குவித்திருந்தான். இத்தனை வருஷத்தில் விற்றது ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு பல் டாக்டர் பரிதாபப்பட்டு வாங்கியது. மற்றவை அடுத்த வருஷம் பல மடங்கு கட்டணம் கேட்டு வந்து நிற்கும். இவன் பாதியைக் கைகழுவிவிட்டு, அந்த இடத்துக்குப் புதிதாகப் பாதி வாங்குவான். சீட்டாட்டக்காரர்களுக்கு இது புரியும்.

அய்யாதுரை அண்ணாச்சி விஷயம் வேறு. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். காஷிஃப் தனியாகக் கடை போட்டபோது முதல் ஆர்டர் கொடுத்தவர். எழுத்து கோணலாகப் போய்ப் பலகையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. "காஷிபு நம்ம பய" என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். அந்த ஒரு வார்த்தையில்தான் இவன் கடை ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி முகம் திருப்பினால் இவன் ஷட்டரை இறக்கிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.

அண்ணாச்சி மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் புதுக்கடை எடுத்தார். மனைவி மீனாட்சியின் பெயரையே வைப்பது என்று முடிவு. எண்கணித ஜோசியர் ஒருவர் அந்தப் பெயரை இங்கிலீஷில் போட்டு உருட்டிப் புரட்டி, நடுவில் ஒரு ஏ கூட்டினார். 'கேஎஸ்' இருந்த இடத்தில் 'டிசி'யைக் கொண்டுவந்தார். கடைசி ஐயைத் தூக்கிவிட்டு ஒய்யை உட்கார வைத்தார். அண்ணாச்சி போனிலேயே எழுத்து எழுத்தாக ஒப்பித்தார்.

"எம்மு, ரெண்டு இ, என்னு, ரெண்டு ஏ, டி, சி, ஹெச்சு, கடைசில ஒய்யி. எழுதிட்டியாடே? பலகை ஏறுத வரைக்கும் இது நம்ம நாலு பேருக்குள்ளதான் இருக்கணும். நான், எங்க வீட்டுல, ஜோசியரு, நீ. வெளிய போச்சுன்னா பலன் போயிரும்னு சொல்லுதாரு."

"என் வாயிலேர்ந்து வராது அண்ணாச்சி" என்றான் காஷிஃப்.

வாயிலிருந்து வரவும் இல்லை. பழக்கதோஷத்தில் விரல்தான் போயிற்று. பெயர் காலியாக இருந்தது. இல்லாமல் எங்கே போகும்? அப்படி ஓர் எழுத்துக்கோர்வையை இந்த உலகத்தில் வேறு எவனும் எழுத மாட்டான். வாங்கினான். 'இப்பெயர் விற்பனைக்கு' என்று வழக்கமான அறிவிப்பையும் போட்டான். போட்டதை மறந்தும் போனான்.

சில வாரம் கழித்து அண்ணாச்சி வியர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்தார்.

"அடையாறுல வெப்சைட் பண்ணுத பயக சொல்லுதானுவ, நம்ம பேரை எவனோ வாங்கி வச்சிருக்கானாம்டே. விக்கதுக்குன்னு போர்டு வேற மாட்டிருக்கானாம். டாட் காமும் அதே எழுத்துலதான் இருக்கணும்னு ஜோசியரு சொல்லிட்டாரு. எவம்டே அவன்?"

'நான்தான் அண்ணாச்சி, உங்களுக்காகத்தான் எடுத்து வெச்சேன்' என்று சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அண்ணாச்சி அவனைக் கட்டிப் பிடித்திருப்பார். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அதற்குள் அவர், "ஒரு லட்சம் ஆனாலும் பரவாயில்ல, நீ பேசி முடிச்சுக் குடு" என்றார். நாக்கு உள்ளே போய்விட்டது.

"வெளிநாட்டுக்காரன் அண்ணாச்சி. போலந்து" என்றான். ஏன் போலந்து என்று அவனுக்கே தெரியாது. "கொஞ்சம் கிராக்கி பண்ற ஆளு. நான் பேசறேன்."

அவர் போன பிறகு, உள்ளே எழுத்து வெட்டிக்கொண்டிருந்த தௌஃபீக் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். அவனுக்கு இந்த டொமைன் விவகாரமெல்லாம் அத்துப்படி.

"மச்சி, உனுக்கு இன்னா பைத்தியமா? அந்தாளு நம்மளுக்கு சோறு போட்டுக்கினு கீறாரு. குடுத்துடு."

"குடுக்காம இருப்பேனா? ஒரே ஒரு வாட்டி மச்சி. லட்ச ரூபா, அவரே சொல்றாரு. நானா கேட்டேன்?"

தௌஃபீக் உள்ளே போய் மெஷினைப் போட்டான்.

பேரம் தொடங்கியது. காஷிஃப் தன்னிடமே பெயரை விலைக்குக் கேட்டான். முதலில் இரண்டு லட்சம் என்றான் போலந்துக்காரன். அப்புறம் இறங்கி வரலாம் என்று கணக்கு. ஆனால் அண்ணாச்சி பிறவி வியாபாரி. பேரம் என்றதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. தி.நகர் கடை மாடிக்குக் காஷிஃபை லேப்டாப்போடு வரச்சொல்லி, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எதிரே மீனாட்சி புதுச் சரக்குப் புடவைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுடே. நாங்க யாவாரக் குடும்பம், இந்தப் பசப்பெல்லாம் எங்ககிட்ட வேகாது. அம்பதாயிரம். இஷ்டம்னா குடு, இல்லன்னா சவத்த நீயே வச்சுக்கிட்டு அழு."

காஷிஃப் அதை நாகரிகமான இங்கிலீஷாக்கி, போலந்துக்காரனுக்கென்று தானே திறந்து வைத்திருந்த மெயிலுக்கு அனுப்பினான். மேஜைமேல் கிடந்த அவனுடைய போன் ஒருமுறை அதிர்ந்தது.

"யாரு?"

"விளம்பரம் அண்ணாச்சி."

"அவன் ஊர்ல பண்டிகை எப்போன்னு பாரு. பண்டிகைக்கு முன்னால பயலுக்குக் கைச்செலவுக்கு வேணும்லா, இறங்குவான். அதையும் ஒரு வரி போடு."

அதையும் போட்டான். போன் மறுபடி அதிர்ந்தது. மீனாட்சி நிமிர்ந்து போனைப் பார்த்தார். பிறகு புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் தம்பி, அந்த ஊர்க்காரனுக்கு இந்த ஒய்யி எப்படித் தெரிஞ்சுது? எனக்கே இன்னும் கை பழகலையே."

காஷிஃப் போனைக் கவிழ்த்து வைத்தான். ஊருக்கெல்லாம் பெயர் எழுதுகிறவனுக்கு இது ஒன்று மட்டும் தோன்றாமல் போயிருந்தது. வெப்சைட் பையன்களுக்குச் சொல்வதற்கு முன்பே, நாலு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த எழுத்தை ஐந்தாவதாக ஒருவன், அதுவும் போலந்தில் உட்கார்ந்துகொண்டு, எப்படிக் கண்டுபிடிப்பான்?

காப்பாற்றியவர் அண்ணாச்சிதான். தொடையைத் தட்டிச் சிரித்தார். "அதான் எழுத்தோட பலம்ங்கேன்! எங்கேயோ கெடக்கவனை இழுத்துட்டு வந்துருக்கு பாரு. ஜோசியரு சும்மா இல்லடே!"

மீனாட்சி அடுத்த புடவையைப் பிரித்தார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி தேனாம்பேட்டைக்கு வந்தபோது முகத்தில் களையே இல்லை. வெட்டி அடுக்கி வைத்திருந்த எழுத்துகளில் அந்த ஒய்யைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் ஓரமா போட்ருடே. இதுக்கு உண்டான கூலியை நான் தந்துருதேன். கடைக்குப் பொதிகை சில்க்ஸ்னு பேரு மாத்தியாச்சு."

"ஏன் அண்ணாச்சி? இன்னா ஆச்சு?"

"எங்க வீட்டுல ஒரே பிடியா நிக்கா. எவனோ விலை பேசுன பேரை நம்ம வாசல்ல மாட்ட வேண்டாம்ங்கா."

காஷிஃப் அவசரமாகக் குறுக்கிட்டான். "அண்ணாச்சி, அவன் எறங்கிட்டான். காலைலதான் மெயில் வந்துது. காசே வேணாம், சும்மாவே குடுத்துடறேன்றான்."

"சும்மாவா? நேத்துவரைக்கும் லட்சத்துல நின்னவன் இன்னைக்கு சும்மா தாரானா? அப்படின்னா அதுல ஏதோ கோளாறு இருக்கு. வேண்டாம்டே." ஒய்யை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "அவ பேரைப் பெருசா லைட்டு போட்டுப் பாக்கணும்னு எனக்குத்தான் ஆசை. கல்யாணம் ஆன நாள்லேந்து கடை கடைன்னு எங்கூட நின்னவ. சரி, குடுத்து வைக்கல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் காஷிஃப் பார்த்தான். அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்த பிறகுதான் அவனுக்கு வெட்கம் வந்தது.

சாயங்காலமே மயிலாப்பூருக்கு ஓடினான். புதுக்கடையில் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். மீனாட்சி சிமெண்ட் தூசிக்கு மூக்கைப் பொத்தியபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பேரு விஷயம்... அது வந்து, நான்தான்..."

"சொல்லாதீங்க தம்பி."

"இல்லக்கா, நான் தப்பு..."

"சொல்லாதீங்கன்னு சொல்லுதேன்லா. நீங்க சொல்லிட்டீகன்னா நான் அவுககிட்ட சொல்லணும். அவுககிட்ட மறைச்சு எனக்குப் பழக்கமில்ல. இப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது, அப்படியே இருக்கட்டும்." குரல் உயரவே இல்லை. "அவுக சிரிச்சுப் பேசுதவங்க ஆயிரம் பேரு. நம்புதவங்க ரெண்டு மூணு பேருதான். அதுல ஒண்ணைப் பிடுங்க எனக்கு மனசு வரல. போங்க, போய்ப் பலகையை நேரத்துக்குக் குடுங்க."

காலில் விழச் சொல்லியிருந்தால் விழுந்திருப்பான். நாலு திட்டு திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு லேசாகத் திரும்பியிருப்பான். அவர் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. கல் பதிப்பவரிடம் ஏதோ சரிவு பற்றிப் பேசத் திரும்பிக்கொண்டார்.

பொதிகை சில்க்ஸ் பலகை சொன்ன நேரத்துக்கு ஏறியது. காஷிஃப் இதுவரை செய்ததிலேயே நேர்த்தியான பலகை அதுதான். திறப்பு விழாவன்று வீதியை அடைத்துப் பந்தல் போட்டு, கடைக்கு உழைத்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். இன்ஜினியர் போனார், தச்சர் போனார், எலக்ட்ரீஷியன் போனார். காஷிஃப் கூட்டத்தின் கடைசியில் ஒரு தூணோரமாக நின்றான். தௌஃபீக்கை அனுப்பிவிட்டுத் தான் வராமலே இருந்திருக்கலாம். வராவிட்டால் அண்ணாச்சி ஆள் அனுப்புவார்.

"காஷிபு எங்கடே? மேல வா!" மைக்கில் அண்ணாச்சி குரல் வீதி முழுக்கக் கேட்டது. யாரோ இவனைத் தள்ளிவிட்டார்கள்.

அண்ணாச்சி சால்வையைப் போர்த்திவிட்டு மைக்கை விடவில்லை.

"இந்தப் பயலைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். இந்தக் கடைக்கு வைக்க இருந்தது எங்க வீட்டுக்காரி பேரு. அதை ஒரு களவாணிப் பய பிடிச்சு வச்சுக்கிட்டு லட்சக்கணக்குல கேட்டான். கடைசில பேரு நமக்குக் கிடைக்கல, அது வேற. ஆனா எனக்காக அந்தக் களவாணியோட ராப்பகலா மல்லுக்கட்டுனவன் இவன். ஒரு பைசா வாங்கல. சொந்தத் தம்பி செய்வானா இதை?"

பந்தல் முழுக்கக் கைதட்டியது. அண்ணாச்சி முன்வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்பதற்காக மீனாட்சியும் கைதட்டினார்.

காஷிஃபுக்கு அந்தச் சால்வையை உருவிப் போட்டுவிட்டு, 'அந்தக் களவாணி நான்தான்' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அண்ணாச்சியிடம் மிச்சமிருக்கும் அந்த இரண்டு மூன்று பேரில் ஒருவன் இல்லாமல் போவான். கத்துவதற்கும் மீனாட்சி வழி வைக்கவில்லை.

அண்ணாச்சி அவன் தோளை இறுக்கி அணைத்து, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தான்.