தகரம் அடித்த படகு

அர்தானியின் உடலைச் சுற்றிய கபன் துணியின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மஸ்னா பலகைச் சுவரின் இடுக்கு வழியே வெளியே பார்த்தாள். எங்கும் வெள்ளம். மழைக்காலம் வந்தால் இந்தச் சதுப்பில் நீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு அழிந்துபோகும். எருமைகள் ஆகாயத்தில் நீந்துவதுபோல் இருக்கும். இப்போது ஒன்றைக்கூடக் காணவில்லை.

காலையில் அவள் கணவர் அர்தானிதான் பதினான்கையும், நீருக்கு மேல் கட்டிய கட்டைமேடையிலிருந்து மேய்ச்சலுக்கு இறக்கிவிட்டார். வீடு திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எருமைகளுக்கு அது தெரியாது. இருட்டுவதற்குள் மேடை ஏறாவிட்டால் கால் ஊன்ற இடமின்றி இரவெல்லாம் நீந்த வேண்டும். பெரியவை தாங்கும். பிறந்து பன்னிரண்டு நாளான கன்று தாங்காது.

கணவரின் தம்பியை அருகே அழைத்தாள். "ஜர்காசி, எருமைங்க..."

"என்ன அண்ணி, இப்பப் போய்."

"கன்னு இருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் கூப்பிட்டா வராது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். போன மழையில் அர்தானி காய்ச்சலில் கிடந்தபோது ஜர்காசி தன் படகில் போய், அண்ணன் குரலிலேயே இழுத்து இழுத்துக் கூப்பிட்டான். படுத்திருந்த அர்தானியே அசந்துபோனார். எருமைகள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மேயப் போய்விட்டன. கடைசியில் காய்ச்சலோடு அவரே போனார். அடுத்த வீட்டு ஜும்ரா அக்கா அன்றுதான் மந்தையின் மூத்த எருமைக்குச் 'சக்களத்தி' என்று பேர் வைத்தாள். "உன் புருஷன் குரலுக்கு நீ மயங்கினியோ இல்லையோ, அவ மயங்கிட்டா." மஸ்னாவும் சேர்ந்து சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் பெயரை அவர் ஒருநாளும் அப்படி இழுத்துக் கூப்பிட்டதில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்தது. அடக்கம் செய்யும் கபுரடி மேட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். அர்தானி புல் ஏற்றும் படகே அகலமானது. உடல் இருந்த சந்தூக்கை அதில் வைத்தார்கள். பெண்கள் வீட்டுப் படியிலேயே நின்றுகொண்டார்கள்.

ஜர்காசி துடுப்பை வலித்தான். டொக். இடது விளிம்பின் வெடிப்பை மறைத்து அர்தானி அடித்திருந்த தகரத்தில் துடுப்பு இடித்தது. டொக். ஒவ்வொரு மாலையும் இந்தச் சத்தம் வீட்டை நெருங்கும்போது மஸ்னா கால் கழுவத் தண்ணீர்ப்பானையைப் படியில் வைப்பாள். அவள் கை இப்போதும் பானையைத் தேடியது.

தொலைவில் ஆகாயத்தாமரைக்கு அப்பால் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பிறகு இன்னொன்று. கொம்புகளைப் பின்னுக்குச் சாய்த்தபடி தலைகள் மட்டும் மிதந்து வந்தன. நடுவில் தாயின் முதுகில் தாடையை வைத்தபடி ஒரு சின்னத் தலை. யாரும் கூப்பிடவில்லை. எந்தக் குரலும் இல்லை.

"பாரு, சக்களத்தியும் கிளம்பி வந்துட்டா," என்ற ஜும்ரா அக்கா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்னால் வந்த படகுகளில் ஆட்கள் துடுப்பை ஓங்கினார்கள். மஸ்னா கடைசிப் படிக்கு இறங்கினாள். நீர் கணுக்காலைத் தொட்டது.

"விரட்டாதீங்க. அதுங்க குரலுக்கு வரல, அந்தத் தகரச் சத்தத்துக்கு வருதுங்க. ஜர்காசி, திரும்பறப்போ இதே படகுல மேடைப் பக்கமா வா."

சந்தூக்கின் பின்னால் மந்தை நீந்திப் போனது. குரல் தேவையாகவே இருந்ததில்லை. பிறகு எதற்கு அவர் ஒவ்வொரு மாலையும், வீட்டுக்கே கேட்கும்படி, அத்தனை இழுத்து... அவள் அதற்கு மேல் நினைக்கவில்லை. பானையை எடுத்து நிரப்பிப் படியில் வைத்தாள்.

வெயில் தாழ்ந்தபோது சத்தம் திரும்பி வந்தது. மேடைப் பக்கம் போய் நின்றது. எருமைகள் ஏற, கட்டைகள் ஒவ்வொன்றாக முனகின. கதவோரம் உட்கார்ந்து எண்ணினாள். பதின்மூன்று. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம், மழைத்துளி விழுவதுபோல் சின்னக் குளம்புகள்.

டொக். டொக். படகு வீட்டுக்கு வந்தது.

ஜர்காசி படியில் இருந்த பானையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கால் கழுவாமல், பானை மேல் படாதபடி ஒதுங்கி ஏறி உள்ளே போனான். படகு இடித்ததில் பானையின் நீர் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.