கே தால் என்று கேட்டவள்

தாராவியில் அந்தத் தோல்பைப் பட்டறையின் மரப்பரணில் வார் தைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்விக்கு, கீழே கடையில் 'ஓலா' என்ற குரல் கேட்டதும் உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. அவள் படித்த சொல். சொன்னது முதலாளி ராஜபாண்டியின் மகள் செண்பகம்.

ஸ்பெயின்காரர்கள் பை வாங்க வரப்போகிறார்கள், அவர்கள் பேச்சில் வணக்கம் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் கவுண்ட்டர் வேலை என்று சொல்லியிருந்தார் ராஜபாண்டி. மூன்று மாதம், வீட்டுக்குப் போகும் சீத்தா கேம்ப் பஸ்ஸில் நின்றபடியே போனைக் கேட்டுப் படித்தாள் செல்வி. 'ஓலா' என்றால் ஹலோ. 'புவெனோஸ் தியாஸ்' குட் மார்னிங். 'கே தால்' ஹௌ ஆர் யூ. பதினோரு வருஷத்தில் இந்தப் பரணில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, அதைத்தான் அதிகம் சொல்லிப் பார்த்தாள்.

போன வாரம், "எல்லாத்தையும் இந்தி எழுத்துல எழுதித் தா செல்வி" என்றார். சுவரில் ஒட்டத்தான் என்று நினைத்து அழகாக எழுதிக் கொடுத்தாள். செண்பகத்துக்குத் தமிழ் படிக்க வராது, இந்திதான் வரும் என்பது ஏன் உறைக்கவில்லை? அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம் எரித்தது.

கவுண்ட்டரில் ஏன் செண்பகம் என்று காலையில் கேட்டதற்கு, "கவுண்ட்டருக்கு ஒரு முகவெட்டு வேணும்லா" என்று சிரித்தார்.

கீழே செண்பகம் தாளைப் பார்த்து, "கே தால்?" என்றாள். வெயிலில் வெந்து வந்திருந்த ஸ்பெயின்கார அம்மாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "மால்" என்றாள். முடியவில்லை என்று அர்த்தம். செண்பகம் தாளின் அடுத்த வரியைப் படித்தாள்: "மூய் பியென்!" ரொம்ப நல்லது.

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போய் வாசல் பக்கம் திரும்பியது.

செல்வி ஏணியில் தடதடவென்று இறங்கினாள். செண்பகத்தை ஸ்டூலிலிருந்து எழுப்பி, அதை இழுத்துப் போட்டு அம்மாளை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் மெதுவாக, "கே தால்?" என்றாள். பதில் வரும்வரை காத்திருந்தாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். ஆறு பை எடுத்தாள். 'ஆஸ்தா லுவேகோ', சீ யூ லேட்டர், சொல்லிவிட்டுப் போனாள்.

"சரிட்டி, மேல போ. வார் கெடக்கு" என்றார் ராஜபாண்டி.

காலியான ஸ்டூலில் செல்வி உட்கார்ந்தாள். கவுண்ட்டர் கண்ணாடிக்கு அடியிலிருந்த, தான் எழுதிய தாளை உருவி மடித்து இடுப்பில் செருகினாள்.

"ஒம்ம மகளுக்கு வார் தைக்கத் தெரியுமா அண்ணாச்சி? தெரியாதுன்னா சொல்லும், அதையும் எழுதித் தாரேன். இந்தி எழுத்துலயே."