புன்தோமின் ஒற்றைக் கிட்னி

மழை வேண்டி வானத்தில் ராக்கெட் விடும் திருவிழா அன்று காலை ஒன்பது மணிக்குத் தன் கணவர் புன்தோமைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள் லம்யாய். மூங்கில் ராக்கெட் செய்வதில் அவரை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆள் கிடையாது. அன்று முகம் ஊதியிருந்தது. இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டே நடந்தார்.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு சொட்டு மூத்திரம் போகல சிஸ்டர். கேட்டா வெயில்ங்கறாரு."

"வெயில்ல நின்னா எல்லாம் வேர்வையாப் போயிடும்டி. உனக்கென்ன தெரியும்?"

தாய்லாந்தின் வடகிழக்கில், எங்கள் ஈசானில், கிட்னிக் கல் ஜலதோஷம் மாதிரி. ஆனால் புன்தோமுக்குக் கல்லால் கெட்டுப்போன வலது கிட்னியைப் பத்து வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது இடது ஒன்றுதான். மூத்திரப்பைக்கு டியூப் போட்டேன். பையில் ஒரு ஸ்பூன்கூட விழவில்லை.

"உடம்புல தண்ணி வத்திப்போச்சு போல. ரெண்டு பாட்டில் ஏத்தலாமா?" என்று டாக்டர் நிச்சாவைக் கேட்டேன். அவள் எங்களிடம் வந்து ஆறு மாதம்தான்.

"இருங்கக்கா. அடைப்பு இருந்தா, ஏத்தற தண்ணி போக வழியில்லாம நெஞ்சுல போய் நிக்கும். முதல்ல பாத்துருவோம்."

ஸ்கேன் மெஷினை அவளே தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். ஜெல் பட்டதும் புன்தோம் நெளிந்தார்.

"இது புள்ளத்தாச்சிக்குப் பாக்கறதாச்சே டாக்டரம்மா? ஆணா, பொண்ணா?"

"பேசாம படுங்க. பொறந்தா உங்க மூக்குதான் அதுக்கும்" என்றாள் லம்யாய். சொல்லிக்கொண்டே அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மூத்திரப்பை காலியாகச் சுருங்கிக் கிடந்தது. நிச்சா கருவியை விலாவுக்கு நகர்த்தினாள். கிட்னியின் நடுப்பகுதி வெள்ளையாகத் தெரிய வேண்டும். அங்கே கன்னங்கரேலென்று, விரல் விரித்த கை மாதிரி ஒரு கறுப்பு பரவியிருந்தது.

"கறுப்பெல்லாம் தண்ணிக்கா! மூத்திரம் ஊறுது, இறங்க வழியில்ல!" கருவி இம்மியளவு கீழே போனது. கிட்னியிலிருந்து மூத்திரம் இறங்கும் குழாயின் வாயில் பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி, அதன் பின்னால் நீள நிழல். "கல்! புடிச்சுட்டேன்!" அவள் குதித்தாள். குதித்த காலோடு மாகாண ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள்.

நானும் ஆம்புலன்சில் ஏறினேன். சந்தை முக்கில் ஊர்வலம் குறுக்கிட்டது. ராக்கெட் வண்டிகள், மேளம், ரோடு முழுக்க ஆட்டம். சைரன் யார் காதிலும் ஏறவில்லை. புன்தோமுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. லம்யாய் கதவைத் திறந்து குதித்தாள். பாட்டு வண்டியில் தாவி ஏறி, பாடிக்கொண்டிருந்தவளிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"என் புருஷனுக்கு மூத்திரம் போகணும்! வழி விடுங்கடா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பிறகு யாரோ, "நம்ம புன்தோம்டா!" என்று கத்த, ஆடிக்கொண்டிருந்தவர்களே கைகோத்து இரண்டு பக்கமும் கூட்டத்தைத் தள்ளினார்கள். லம்யாய் ஓடி வந்து ஏறியதும் வண்டி பறந்தது.

மாகாண ஆஸ்பத்திரியில் தயாராக நின்றிருந்தார்கள். புன்தோமைக் குப்புறப் படுக்கவைத்து, ஒரு டாக்டர் ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே முதுகு வழியாக ஊசியை இறக்கினார். கறுப்புக்குள் ஊசி முனை மின்னியது. மறு நொடி மஞ்சளாகப் பீறிட்டது. மெல்லிய டியூப் வழியாகப் பை நிரம்பத் தொடங்கியது.

உள்ளே வந்த லம்யாய் பையைத் தொட்டுப் பார்த்தாள். "சூடா இருக்கு சிஸ்டர்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

நிச்சாவுக்குப் போன் போட்டேன். அவள் போட்ட கூச்சலில் அங்கே வரிசையில் நின்ற நோயாளிகள் பயந்துபோனார்களாம்.

அடுத்த வாரம் கல்லை உடைத்து எடுத்தார்கள். கடைசி ஸ்கேனில் நடுப்பகுதி வெள்ளையாகத் திரும்பியிருந்தது. புன்தோம் திரையில் தெரிந்த கிட்னியை விரலால் அளந்து பார்த்தார்.

"இவ்வளவு சின்னதா?" என்றார். "ஒத்தை ஆளா பத்து வருஷம் உழைச்சிருக்கு, பாவம்."